மனப்பாடமா ஒப்பிக்கிறான், வாசிக்க வரல: 2ஆம் வகுப்புப் பையனுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

மாலைநேரம்:

வணக்கம். பையன் 2ஆம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். தமிழ்ப் புத்தகத்தில் நடத்தி முடித்த பாடம் என்றால் கடகடவென்று சொல்கிறான். அதே சொல்லைக் கடைப் பலகையிலோ பேப்பரிலோ காட்டினால் முழிக்கிறான். சொல்வதெழுதுதலில் வரும் தப்பெல்லாம் ஒரே ரகம். பந்து என்றால் "பன்து", காற்று என்றால் "காட்ரு", பட்டம் என்றால் "படம்". கணக்கில் 52 − 27 = 35 என்று போடுகிறான், எத்தனை முறை திருத்தினாலும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ராத்திரி 7 மணிக்கு மேல்தான் உட்கார முடியும், உண்மையில் கிடைப்பது அரை மணி நேரம். டியூஷன் வேண்டாம் என்று நினைக்கிறோம். எதில் தொடங்குவது? "நிறைய வாசிக்க வையுங்கள்" என்று பொதுவாக இல்லாமல் செய்முறையாகச் சொன்னால் நல்லது.

கரும்பலகை:

முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரிசை, பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

முதல் வரிசை: அகர எழுத்துகளை வரிசை மாற்றி எழுதுங்கள். ம, ட, ன, ர, வ, ச, ற, த, ள, ப என்று. க ங ச ஞ வரிசையில் கேட்டால் பாட்டாகப் பாடிவிடுவான், எதுவும் தெரியாது.

இரண்டாம் வரிசை: அதே எழுத்துகளில் குறி சேர்த்து. பி, மே, தொ, வா, ரீ, சை, டெ, னோ.

மூன்றாம் வரிசை: அர்த்தமே இல்லாத சொற்கள். மொணி, சேபு, கூதை, வட்டிமு. இதுதான் உண்மையான சோதனை. "அம்மா" என்ற சொல்லைப் படம்போல நினைவில் வைத்தே சொல்லிவிடலாம். "கூதை"யை எழுத்து கூட்டாமல் யாராலும் சொல்ல முடியாது.

முதல் வரிசையிலேயே தடுமாறினால் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் வரிசை சரி, இரண்டாவது தப்பு என்றால் குறிகள் பதியவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அநேகமாக இந்த ரகம்தான். இரண்டும் சரி, மூன்றில் மட்டும் திணறுகிறான் என்றால் கூட்டி ஒலிப்பதில் சிக்கல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

குறிகள் விஷயத்தில் பெற்றோர் செய்யும் தப்பு, 247 எழுத்தையும் தனித்தனி எழுத்தாக நினைத்து "கா கி கீ" என்று பக்கம் பக்கமாக எழுத வைப்பது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர்மெய் 216 என்பது ஒரு பெருக்கல் கட்டம், அவ்வளவுதான். கால் (ா), விலங்கு (ி, ீ), கொம்பு (ெ, ே) என்ற சில குறிகள் தெரிந்தால் கட்டம் தானாக நிரம்பும். உகர ஊகார வரிசைகள் மட்டும் முரண்டு பிடிக்கும், அவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

செய்முறை இது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கையில் பாதி அளவுக்கு வெட்டி அட்டைகள் செய்யுங்கள். ட, ப, ம, க, த, வ என்று ஆறு அட்டை கறுப்பு மையில். ா, ி, ீ என்று மூன்று குறி அட்டை சிவப்பு மையில், கூடவே புள்ளி அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று செய்யுங்கள். இவ்வளவை வைத்தே மாமா, தாத்தா, பாட்டி, தம்பி, மாடி, மீதி, தீபம், வீதி, காகம், பட்டம் எல்லாம் அமைக்கலாம். எழுத்தை அவன் வைக்கட்டும், குறியை நீங்கள் மாற்றுங்கள்: பட்டம், பாட்டம், பீட்டம். அர்த்தம் இல்லாவிட்டால் பரவாயில்லை, சிரிப்பான்.

இந்தக் கட்டம் தடுமாற்றமில்லாமல் வந்த பிறகு ெ, ே, ை. இங்கேதான் நிறைய பிள்ளைகள் விழுகிறார்கள். கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, ஒலியில் பின்னால் வருகிறது. அட்டையாக இருந்தால் கொம்பை இடப்பக்கம் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டுக்குள் போட்டு "இது ஒரே சத்தம்" என்று காட்டலாம். புத்தகத்தில் வாசிக்கும்போது பென்சிலால் இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள். ொ, ோ அதற்கும் பிறகு. அதில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். "கொடி"யைச் சில பிள்ளைகள் "கெரடி" என்று வாசிப்பார்கள். காரணம், காலும் ர-வும் அச்சில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. அடியில் சாய்வுக் கோடு இருந்தால் ர, இல்லாவிட்டால் கால் என்று பூதக்கண்ணாடியில் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். ஔகார வரிசையை இப்போது தொடவே வேண்டாம்.

இன்னொன்று, வீடுகளில் யாரும் கவனிக்காதது. க் என்ற மெய்யை "இக்" என்று பழக்குகிறோம். அது எழுத்தின் பெயர், ஒலி இல்லை. பிள்ளை அப்படியே "ப, இக், க, இம்" என்று கூட்டும். அதிலிருந்து "பக்கம்" எப்படி வரும்? புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தின் தோளில் கை போட்டுக்கொள்ளும் என்று சொல்லுங்கள். பக்-கம், பட்-டம், தக்-கா-ளி, வண்-ணத்-துப்-பூச்-சி. ஒவ்வொரு அசைக்கும் அடியில் ஒரு வளைகோடு போட்டு, அசைக்கு ஒரு கைதட்டலாக வாசிக்கச் சொல்லுங்கள். நீளமான சொல்லைக் கண்டால் வரும் பயம் பாதி இதிலேயே போகும்.

டண்ணகரம்:

கரும்பலகை வாசிப்பைச் சொல்லிவிட்டார், நான் எழுத்துப்பிழைக்கு வருகிறேன். மூன்று உதாரணமும் மூன்று வேறு நோய்.

"பன்து": இதற்குப் பழைய பெயர்களே மருந்து. ந-வுக்குத் தந்நகரம், ண-வுக்கு டண்ணகரம், ன-வுக்கு றன்னகரம் என்று பெயர் வைத்ததே அடுத்து யார் வருவார் என்று நினைவில் வைக்கத்தான். த-வுக்கு முன்னால் ந்: பந்து, தந்தை, வந்தான். ட-வுக்கு முன்னால் ண்: வண்டி, நண்டு, கண்டான். ற-வுக்கு முன்னால் ன்: கன்று, மூன்று, தென்றல். அதேபோல் பெரும்பாலும் க-வுக்கு முன் ங், ச-வுக்கு முன் ஞ், ப-வுக்கு முன் ம்: சங்கு, பஞ்சு, பாம்பு. ஆறு ஜோடி. ஆறையும் சுவரில் ஒட்டுங்கள். ஒருவழிப் பாதை என்பதை மறக்க வேண்டாம்: த-வுக்கு முன் ந் தான் வரும், ஆனால் ன்-க்குப் பின் ற மட்டும்தான் என்று இல்லை (அன்பு, நன்மை). சொல்லின் முதலில் எப்போதும் ந தான். ண, ன இரண்டும் தமிழ்ச் சொல்லைத் தொடங்காது.

"காட்ரு": பையனின் காது சரியாகவே இருக்கிறது. ற்ற என்பதை வகுப்பில் ஒலிக்கும்போது கிட்டத்தட்ட "ட்ர" என்றுதான் கேட்கும். அதனால் காதை நம்பி எழுதினால் தப்பு. விதியாகச் சொல்லுங்கள்: "ட்ர" என்று கேட்டால் ற்ற, "ண்ட்ர" என்று கேட்டால் ன்ற. பெட்ரோல், மெட்ரோ மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்கள் மட்டும் விலக்கு. இதோடு ஒட்டி இன்னொன்று: ற்-க்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. "முயற்ச்சி", "கற்க்க" என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். முயற்சி, கற்க, கற்பனை. ர்-க்குப் பின் வரும்: பார்க்க, சேர்த்தான், வளர்ச்சி.

"படம்" / "பட்டம்": இதில் காதுக்குப் பயிற்சி வேண்டும். மெதுவாக ஒலித்தால் ஒற்றை, அழுத்தி ஒலித்தால் இரட்டை. ஜோடியாகச் சொல்லி, ஒற்றை என்றால் ஒரு விரல், இரட்டை என்றால் இரண்டு விரல் காட்டச் சொல்லுங்கள். பாடு-பாட்டு, எடு-எட்டு, வீடு-வீட்டு, மாடு-மாட்டு. எழுத வேண்டியதில்லை, சாப்பிடும்போதுகூடச் செய்யலாம். விரலில் தப்பு வராமல் பத்து ஜோடி போன பிறகே பென்சில்.

தப்பான சொல்லைப் பத்து முறை எழுத வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். முதலில் பத்து ப-வை மேலிருந்து கீழாக எழுதுவார்கள், பிறகு பத்து ந், பிறகு பத்து து. சொல் ஒருமுறைகூடத் தலைக்குள் போவதில்லை. கை மட்டும் வலிக்கும்.

பதிலாக, தினமும் 5 சொல் போதும். 2 புதுசு, 3 பழசு. நீங்கள் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும், அசை பிரிக்கட்டும், அப்புறம் எழுதட்டும். திருத்துவது அவன் வேலை: புத்தகத்தைப் பார்த்துத் தப்பான எழுத்தை மட்டும் வட்டமிட வேண்டும், முழுச் சொல்லையும் அடிக்கக் கூடாது. மூடிவைத்து ஒரே ஒருமுறை சரியாக எழுதட்டும். அந்தச் சொல் மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் திரும்ப வர வேண்டும். மூன்று பிளாஸ்டிக் டப்பா வைத்து, சரியாக எழுதிய சீட்டை அடுத்த டப்பாவுக்குத் தள்ளினால் கணக்கு வைப்பது சுலபம். தப்பினால் முதல் டப்பாவுக்கே திரும்பும்.

எண்சுவடி:

கணக்குக்கு நான் சொல்றேங்க. 52 − 27 = 35 ரொம்பப் பிரபலமான தப்பு. ஒன்றாம் இடத்துல 2-ல இருந்து 7 போகாதுன்னு தோணினதும் பிள்ளை 7-ல இருந்து 2-ஐக் கழிச்சு 5 போடுது. பத்தாம் இடத்துல 5 − 2 = 3. "பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்"னு 1ஆம் வகுப்புல சொல்லிக் கொடுத்ததை அது ஒழுங்கா பின்பற்றுது, பாவம். அதனால "தப்பு, தப்பு"ன்னு சொல்லி வேலைக்காகாது. 52 என்பது ஐந்தும் இரண்டும் இல்ல, அஞ்சு பத்தும் ரெண்டு ஒன்றும்னு கையில தெரியணும்.

துடைப்பத்துல இருந்து 100 ஈர்க்குச்சி எடுத்து விரல் நீளத்துக்கு ஒடிச்சுக்கங்க. பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க, கட்டுறதைப் பையனே செய்யணும். 52-க்கு 5 கட்டு, 2 உதிரி. "27 குச்சி குடு"ன்னு கேளுங்க. 7 உதிரி இல்ல. என்ன பண்ணுவான்? ஒரு கட்டைப் பிரிப்பான். இப்ப 4 கட்டு, 12 உதிரி. 12-ல 7 போனா 5, 4 கட்டுல 2 போனா 2. விடை 25. முதல் சில நாள் நோட்டே வேண்டாம். அப்புறம் குச்சி ஒருபக்கம், நோட்டு ஒருபக்கம்: கட்டைப் பிரிச்ச அதே நொடியில நோட்டுல 5-ஐ அடிச்சு 4 போடணும், 2-ஐ 12 ஆக்கணும். செய்கையும் எழுத்தும் தள்ளித்தள்ளிப் போனா தொடர்பு விட்டுடும். அதுக்கப்புறம் குச்சி இல்லாம.

"கடன் வாங்குறது"ன்னு சொல்றதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கடன்னா திருப்பிக் கொடுக்கணுமே, இங்க யாரும் கொடுக்கிறதில்ல. "சில்லறை மாத்துறது"ன்னு சொல்லுங்க. அதுதான் உண்மையில நடக்குறது. ஒரு பத்து ரூபா நோட்டு பத்து ஒரு ரூபா காசாகுது, மதிப்பு மாறல.

அடுத்த வருஷம் இது 403 − 158ன்னு வந்து நிக்கும். நடுவுல சைபர் இருந்தா சில்லறை மாத்தப் பத்தே இல்ல. நாலு நூறு ரூபா, மூணு ஒரு ரூபா. ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயா மாத்தி, அதுல ஒரு பத்தைக் காசா மாத்தணும். 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. 245. விளையாட்டு நோட்டு வெட்டி வெச்சுச் செய்ங்க, "சைபர் எப்படி திடீர்னு 9 ஆச்சு?"ங்கிற கேள்வியே வராது.

ஒரு எச்சரிக்கை. 12 − 7, 15 − 8 இதெல்லாம் சட்டுனு வரலைன்னா மேல சொன்ன எதுவும் ஓடாது. ஏன்னா ஒவ்வொரு கணக்குக்கும் நடுவுல அவன் விரல் விட்டுட்டு இருப்பான், அதுக்குள்ள எங்க இருந்தோம்னு மறந்துடும். பத்தைத் தாண்டுற வழியைச் சொல்லிக் கொடுங்க: 7-ல இருந்து 10-க்கு 3, 10-ல இருந்து 12-க்கு 2, மொத்தம் 5. தினம் 5 கணக்கு வாயிலேயே. விரல் விடுறதைத் திட்டாதீங்க, வேகம் வந்தா விரல் தானா மடங்கிடும்.

சரிபார்க்கிறதும் அவனே. 25 + 27 போட்டு 52 வருதான்னு பார்க்கட்டும். 35 + 27 போட்டா 62 வரும், அப்ப அவனே முழிப்பான். நீங்க சிவப்புப் பேனா எடுக்க வேண்டாம்.

இங்கிலீஷ் மீடியம்னா எண் பெயர்லயும் ஒரு கண்ணு வைங்க. தர்ட்டீன், தர்ட்டி காதுல ஒரே மாதிரி விழும், 13-க்குப் பதில் 30 போடுவான். தமிழ்ல 90 தான் வம்பு: இருபது, முப்பதுன்னு "பது"ல போன வரிசை திடீர்னு "தொண்ணூறு"ன்னு நூறை வாலாக்கிக்கும். 900-ம் அதே கதை, தொள்ளாயிரம்.

மாலைநேரம்:

எல்லோருக்கும் நன்றி. சோதனையை இப்போதே செய்தேன். முதல் வரிசை முழுக்கச் சரி. இரண்டில் பி, வா, ரீ சரி, மே-யை "மெ" என்றான், தொ-வைச் சொல்லவே இல்லை, மற்றதெல்லாம் தடுமாற்றம். மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. ஆக, கொம்பில்தான் அறுந்திருக்கிறது.

சில சந்தேகங்கள். வாசிக்கும்போது முதல் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்து ஊகிக்கிறான், அப்போது திருத்தலாமா, விடலாமா? அவன் பாட்டி பழைய லை, னை வடிவத்தில் எழுதிக் காட்டுகிறார், குழம்புவானா? வீட்டுப்பாடமே அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? தவிர, அந்த உகர வரிசையை எப்படித்தான் பழக்குவது?

கரும்பலகை:

மே "மெ" ஆவது குறில் நெடில் சிக்கல், கொம்பு தெரியாதது வேறு. ெ, ே இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். ஒற்றைக்கொம்பு மட்டும் நாலு நாள் போகட்டும், அப்புறம் இரட்டைக்கொம்பு. ஒற்றைச் சுழி குட்டையாக ஒலிக்கும், இரட்டைச் சுழி நீட்டி ஒலிக்கும். செடி-சேறு, பெட்டி-பேட்டி, கெட்டி-கேட்டி என்று அட்டையை மாற்றி மாற்றி வையுங்கள்.

ஊகிப்பதற்கு: படத்தை மூடுங்கள். உள்ளங்கை போதும். வாசித்து முடித்த பிறகு படத்தைக் காட்டி "நீ வாசித்தது இதில் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னவுடன் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பாதி நேரம் அவனே திருத்திக்கொள்வான். வராவிட்டால் தப்பிய குறியை மட்டும் பென்சில் நுனியால் தொடுங்கள். அதற்கும் வராவிட்டால் அந்த அசையை மட்டும் சொல்லுங்கள், சொல்லைச் சேர்ப்பது அவன் பாடு. ஒரு வரியில் மூன்று நான்கு சொல்லுக்கு இப்படி நிற்க வேண்டியிருந்தால் புத்தகம் கடினம், கீழ்நிலைக்கு இறங்குங்கள். 1ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுக்க வெட்கப்பட வேண்டாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை 1 முதல் 4 வரை இலவசமாக இருக்கின்றன. நிலை 1 பக்கத்துக்கு ஓரிரு வரிதான். பாடப்புத்தகத்தை அவன் மனப்பாடம் செய்துவிட்டதால் வாசிப்புப் பயிற்சிக்கு அது இனி உதவாது, புதுப் பக்கம்தான் வேண்டும்.

வாசித்ததைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது பேச்சுத்தமிழிலேயே கேளுங்கள், பதிலும் அப்படியே வரட்டும். "நாய் எங்க போச்சு?" "கிணத்தடிக்கு." அர்த்தம் புரிந்திருக்கிறதா என்பதும் "கிணற்றடிக்குச் சென்றது" என்று எழுதத் தெரிகிறதா என்பதும் இரண்டு தனிப் பரீட்சை. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், புரிந்தும் வாய் திறக்காத பிள்ளையாகிவிடும்.

பாட்டி விஷயம்: ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் 1978இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வேறு வடிவத்தில் இருந்தன. பாட்டி அந்தக் காலத்தில் பள்ளிக்குப் போனவர், அவர் கை அப்படித்தான் போகும். எழுதிக் காட்டுவதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கதை வாசித்துக் காட்டுவது, அந்த ஒற்றை-இரட்டை விரல் விளையாட்டு இரண்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள், உங்கள் அரை மணியில் பத்து நிமிடம் மிச்சம்.

டண்ணகரம்:

வீட்டுப்பாடம் பற்றி. 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018இல் சொல்லியிருக்கிறது. 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பை கொள்கையும் 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும். சட்டம் பேசிப் பள்ளியோடு மல்லுக்கு நிற்பதைவிட, டைரியில் இரண்டு வரி எழுதுங்கள்: "வாசிப்பில் கொம்புக் குறிகளில் சிரமம். வீட்டில் தினம் 15 நிமிடம் பயிற்சி நடக்கிறது. எழுத்து வேலையை ஒரு மாதத்துக்குப் பாதியாகக் குறைக்க முடியுமா?" குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலான டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்கள். "பையன் படிக்கவே மாட்டேங்கிறான் மிஸ்" என்று பொதுவாகப் புலம்பினால் இன்னும் இரண்டு பக்கம் கூடுதலாகத்தான் வரும்.

அரை மணியைப் பிரிப்பது: அட்டை 7 நிமிடம், புதுப் பக்கம் வாசிப்பு 8 நிமிடம், 5 சொல் எழுதுவது 5 நிமிடம், கணக்கு 10 நிமிடம். வாசிப்பு முதலில், களைப்பு ஏறும் முன். பையன் கொட்டாவி விட ஆரம்பித்தால் 20 நிமிடத்தில் மூடிவிடுங்கள், ஆனால் ஒருநாளும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஈடு கட்டுவது நடக்காத காரியம்.

தொடங்கும் முன் ஒருமுறை கண் பரிசோதனை. நோட்டை முகத்துக்கு அருகில் கொண்டு போகிறானா, வரி மாறிப் போகிறானா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு அதிகமா என்று கவனியுங்கள். இப்படி நாலைந்து மாதம் ஒழுங்காகச் செய்தும் இரண்டாம் வரிசையே தாண்டவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னையில் என்றால் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது. இப்போதே அந்தக் கவலை வேண்டாம்.

எண்சுவடி:

குறுக்க ஒரு வார்த்தை. வாக்கியக் கணக்கு வரி வரியா வரும்போது "கூட்டணுமா கழிக்கணுமா?"ன்னு உங்களைக் கேட்பான். "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி"ன்னு குறுக்குவழி சொல்லிடாதீங்க. "ஒரு கூடையில 12 மாங்காய். இது அடுத்த கூடையைவிட 5 அதிகம். அடுத்த கூடையில எத்தனை?" "அதிகம்"னு பார்த்ததும் 17 போடுவான். விடை 7. ரெண்டு கூடைக்கும் ரெண்டு நீளக் கட்டம் வரையச் சொல்லுங்க, எது பெரிசுன்னு அவன்கிட்டக் கேளுங்க. வரைஞ்ச பிறகு கூட்டலா கழித்தலான்னு கேட்கவே மாட்டான்.

கரும்பலகை:

உகரம் பாக்கி இருக்கிறது. பதினெட்டையும் க-வில் தொடங்கி வரிசையாகப் போகாமல் வடிவத்தால் மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். அடியில் நேராகக் கோடு இறங்குபவை: சு, பு, யு, வு, ஙு. அடியில் வளைந்து சுற்றுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே இறங்கி வலப்பக்கம் மேலே ஏறுபவை: து, நு, று, லு, னு, ணு, ஞு.

மூன்றாவது குடும்பத்தை முதலில் எடுங்கள், பிள்ளைகள் அடிக்கடி பார்க்கும் து, று, லு அதில் இருக்கின்றன. ஊகாரமும் அங்கேதான் சுலபம்: உகரத்தோடு ஒரு காலைச் சேர்த்தால் தூ, நூ, லூ. ஙு, ஞு இரண்டையும் கட்டத்தில் எழுதிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், அவை வரும் சொல் அவன் கண்ணில் இப்போதைக்குப் படாது. ஊகாரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை மீறுவது கூ, சூ இரண்டும்தான். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருக்கும், தன் குடும்பத்தோடு ஒத்துப் போகாது. கூடை, கூடு, சூடு, சூரியன் என்று நாலு சொல்லை அட்டையில் எழுதி, அந்த ஒரு எழுத்தை மட்டும் சிவப்பில் போட்டு டப்பாவில் சேர்த்துவிடுங்கள்.